தம்பிக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

சோமனூர்க்காரி – ஞாயிறு, இரவு 10.40

இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்குத்தான் எழுதுகிறேன். அவசரம்.

என் தம்பிக்கு 36 வயது. சோமனூர்ப் பக்கம் அப்பா போட்ட எட்டுத் தறி, கூலிக்கு ஓட்டுகிறான். நோம்பிக்கு, கல்யாணத்துக்கு என்று இருந்த குடி தினக்குடியாகி நாலு வருடம். முதலில் ராத்திரி ஒரு குவார்ட்டர், இப்போது பகலிலும். காலையில் காப்பி டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்குகிறது. கொஞ்சம் உள்ளே போனால்தான் நிற்கிறது.

போன வருடம் அவன் மாமனார் வீட்டார் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். சேர்த்தார்கள் என்று சொல்வது மரியாதைக்கு. ராத்திரி வேனில் நாலு பேர் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம், மாதம் பன்னிரண்டாயிரம், பார்க்க விடவில்லை. பத்து கிலோ இளைத்து, முதுகில் தழும்போடு வந்தான். வந்த ஒன்பதாம் நாள் கடைக்குப் போய்விட்டான். எந்த மையம் என்று யாரும் கேட்க வேண்டாம்.

இப்போது ஃபேஸ்புக்கில் ஒரு பவுடர் விளம்பரம் வருகிறது. குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரிலோ ரசத்திலோ கலந்து கொடுத்தால் 21 நாளில் குடியே வெறுத்துவிடுமாம். தம்பி மனைவி 3,400 ரூபாய் கொடுத்து வாங்கி வைத்துவிட்டாள். நாளைக் காலையிலிருந்து போடப் போகிறாள். எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை.

இத்தனைக்கும் கெட்டிக்காரன். மூன்று வருடம் முன்னால் ஆடியில் ஒரே மாதத்தில் கடன் வாங்கி ஆறு தறி இறக்கினான். ராத்திரி பகல் தூங்காமல் புதுக் குடோன் கட்டினான். அவனா இப்படி என்று ஒறம்பரையெல்லாம் கேட்கிறார்கள். வெசனம் பிடித்துவிட்டது என்கிறார் அம்மா.

பெருந்துறை நர்ஸ் – ஞாயிறு, இரவு 11.05

போடாதீர்கள். இப்போதே போன் பண்ணி அந்தப் பொட்டலத்தை அவர் கையிலிருந்து வாங்கிவிடுங்கள். மீதி அப்புறம்.

இந்த மாதிரிப் பவுடரில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றுமே இல்லாமல் இருந்தால் காசு மட்டும் போகும், அது நல்ல பக்கம். டைசல்ஃபிராம் கலந்திருந்தால்தான் பயம். அது உண்மையான மருந்து, டாக்டர்களே எழுதுவார்கள். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கும். சிலருக்கு உயிரே போகும். அதனால்தான் நோயாளியிடம் சொல்லி, அவர் சம்மதித்து, இதயமும் ஈரலும் பார்த்த பிறகுதான் கொடுப்பார்கள். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை வேலை செய்யும். அந்த மருந்தின் பலமே குடிப்பவருக்கு அது தெரிந்திருப்பதுதான். தெரியாமல் கொடுத்தால் அது மருந்தே இல்லை.

சங்ககிரி ஓட்டுநர் – ஞாயிறு, இரவு 11.50

நர்ஸ் அக்கா சொல்வது என் உடம்பிலேயே நடந்தது. நான் குடியை விட்டு ஏழு வருடம் ஆகிறது. விடுவதற்கு முந்தைய வருடம் வீட்டில் யாரோ சொல்லி, காப்பியில் மாத்திரையைப் பொடித்துப் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. ஹூப்ளி தாண்டி ஒரு தாபாவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு கட்டிங் போட்டேன். கால் மணி நேரத்தில் நெஞ்சில் யாரோ உலக்கை போடுகிற மாதிரி ஆகிவிட்டது. கிளீனர் பையன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனான். பிழைத்தேன். ஆனால் அதற்கப்புறம் ஒரு வருடம் வீட்டில் தண்ணீர்கூட நானே மொண்டுதான் குடித்தேன். பெண்டாட்டி கையால் வாங்கிக் குடிக்க மனசு வரவில்லை. குடியைவிட அதுதான் எங்கள் வீட்டை அதிகம் கெடுத்தது.

குண்டடம் மாமா – திங்கள், காலை 6.15

அம்மிணி, நான் வெளிப்படையாகப் பேசுகிறவன். இதெல்லாம் நோயே இல்லை. கொழுப்பு. எங்கள் அப்பாரு காலத்தில் மனநோய், டிப்ரஷன் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? விடிய ஏற்றம் இறைத்தார்கள், பொழுது சாய்ந்தால் படுத்தார்கள். வெசனப்பட நேரம் ஏது? மையம் நடத்துகிறவன் ஒரு பக்கம் கொள்ளை, மாத்திரைக் கம்பெனிக்காரன் ஒரு பக்கம் கொள்ளை. கடையை மூடினால் எல்லாம் தன்னால் தெளியும்.

மஞ்சள்மண்டி – திங்கள், காலை 9.20

மாமா, மையம் பற்றிச் சொன்னது சரி. அப்பாரு காலம் பற்றிச் சொன்னது சரியில்லை. 1921இல் நம் ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் கள்ளுக்கடை முன்னால் மறியலுக்கு நின்றது யாரும் குடிக்காததாலா? 1937இல் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்த மாவட்டம் சேலம். இன்றைய நாமக்கல்லும் அப்போது சேலத்துக்குள்தான். கொங்கு நாட்டில் அப்போதே அவ்வளவு குடி இருந்தது.

மனநோயும் இருந்தது. பெயர்தான் வேறு. மசையன் என்றோம், காத்துக் கருப்பு என்றோம், தோட்டத்துச் சாளையில் தனியாக விட்டுச் சோறு கொண்டுபோய் வைத்தோம். என் அம்மிச்சியின் தங்கை ஒருவரை அப்படி வைத்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகை எதிலும் அவர் பெயர் வந்ததில்லை.

இன்றைய கணக்கும் சொல்கிறேன். 2015–16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. 2019இல் வந்த மத்திய அரசின் போதைப் பழக்க ஆய்வில் குடிக்கு அடிமையானவர்களில் ஏதாவது சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னவர் 38 பேரில் ஒருவர். மீதி 37 பேருக்கு இந்த மாதிரிப் பவுடரும் வேனும்தான்.

சோமனூர்க்காரி – திங்கள், மதியம் 1.10

எல்லோருக்கும் நன்றி. பவுடரை வாங்கிக் கக்கூஸில் கொட்டிவிட்டேன். தம்பி மனைவி அழுதாள். காசுக்காக அழவில்லை, வேறு வழியே இல்லையே என்று.

இன்னொன்று. நேற்றிரவு நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். அவனே இன்றிலிருந்து குடிப்பதில்லை என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறான். வீட்டிலேயே பூட்டி வைத்து நாலு நாள் பார்த்துக்கொண்டால் போதுமா? குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்று பக்கத்தில் சொல்கிறார்கள்.

பெருந்துறை நர்ஸ் – திங்கள், மதியம் 1.35

சத்தியம் நல்லதுதான், ஆனால் இதுதான் அதைவிட ஆபத்தான இடம். காலையில் நடுக்கம் வந்து, குடித்தால் நிற்கிறது என்றீர்களே, அதற்கு அர்த்தம் உடம்பு சாராயத்தை நம்பி ஓடுகிறது என்பது. திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை இன்னொன்று வரலாம்: நாள் கிழமை தெரியாது, சுவரில் எறும்பு ஊர்கிறது என்பார், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து ஓடுவார், உடம்பு கொதிக்கும், வேர்த்துக் கொட்டும். பேய் பிடித்துவிட்டது என்று இந்த நேரத்தில் மந்திரிக்கக் கூட்டிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசரம். விட்டால் சாவு.

அவர் குடிப்பதும் கொஞ்ச நஞ்சம் இல்லை. ஒரு குவார்ட்டர் 180 மில்லி, பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 60 கிராம் சுத்தச் சாராயம். டாக்டர்கள் ஓர் அளவு என்று எடுத்துக்கொள்வது 10 கிராம். ஒரு குவார்ட்டரே ஆறு அளவு.

அப்புறம் அந்தக் குளுக்கோஸ். நம் ஊரில் எதற்கெடுத்தாலும் பாட்டில் ஏற்றச் சொல்வார்கள். வருடக்கணக்கில் குடித்தவருக்கு உடம்பில் பி1 வைட்டமின் காலியாக இருக்கும். அதைக் கொடுக்காமல் முதலில் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கலாம், ஞாபகமே திரும்பாமல் போகலாம். யார் ஏற்றினாலும் "குடிக்கிறவருங்க, பி1 ஊசி போட்டாச்சுங்களா" என்று கேளுங்கள். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கிற வேலையும் வேண்டாம். சாராயமும் அதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கும்.

இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416க்கு அடியுங்கள். அரசு மனநல உதவி எண், காசில்லை, தமிழில் பேசுவார்கள், ராத்திரியும் எடுப்பார்கள்.

மனமருத்துவன் – திங்கள், இரவு 8.30

நான் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவில் இருக்கிறேன். நர்ஸ் சொன்னதற்கு மேல் அவசரத்துக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் உள்ளே சேர்ந்த பிறகு யோசிக்க ஒன்று.

நீங்கள் பெருமையாகச் சொன்ன ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். ஒரே ஆடி மாதத்தில் ஆறு தறி, ராத்திரி பகல் தூக்கமில்லாமல். இங்கே உட்கார்ந்துகொண்டு நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன், அது தப்பு. ஆனால் கேட்கிறேன். அந்த நாட்களில் அவர் தூங்காமல் சோர்ந்து இருந்தாரா, அல்லது இரண்டு மணி நேரம் தூங்கியும் சோர்வே இல்லாமல் இருந்தாரா? பேச்சு வேகமாக இருந்ததா? காசு தண்ணீராகப் போனதா? எரிச்சல்? அப்புறம் அதற்கு நேர் எதிராக, எழுந்திருக்கவே முடியாத மாதங்கள் இருந்தனவா?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: குடி தினமும் ஆவதற்கு முன்னால் அவர் எப்படி இருந்தார்?

ஏன் கேட்கிறேன் என்றால், குடியே மனச்சோர்வைக் கொண்டுவரும். அப்படி வந்தது குடி நின்று இரண்டு, நாலு வாரத்தில் பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியாவிட்டாலோ, குடிக்கு முன்பே இருந்திருந்தாலோ அது தனி நோய், அதற்குத் தனி வைத்தியம். நிறையப் பேர் அந்த நோயைச் சமாளிக்கத்தான் குடிக்கவே ஆரம்பிக்கிறார்கள். தூக்கத்துக்கு, ஓடுகிற மனசை நிறுத்துவதற்கு. மையத்தில் மூன்று மாதம் பூட்டிக் குடியை மட்டும் நிறுத்தினால், ஏன் குடித்தாரோ அது அவரோடு வேனில் திரும்பி வரும்.

சோமனூர்க்காரி – புதன், இரவு 9.55

அன்று ராத்திரியே சேர்த்துவிட்டோம். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குள் வந்ததால் பிழைத்தான். வீட்டில் பூட்டி வைத்திருந்தால் என்று நினைத்தாலே குலை நடுங்குகிறது.

டாக்டர் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால் "அவன் எப்பவும் நல்லாத்தான் இருந்தான்" என்பார். அப்புறம்தான் தறிக் கணக்கு நோட்டு ஞாபகம் வந்தது. எந்தத் தேதி தறியில் பாவு நூல் ஏறியது, எத்தனை மீட்டர் இறங்கியது, யாருக்கு எவ்வளவு கூலி, எல்லாம் அவன் கையால் எழுதியது. அப்பா இறந்ததிலிருந்து ஆறு வருட நோட்டு அட்டாலியில் இருக்கிறது. குடோனில் உட்கார்ந்து விடிய விடியப் புரட்டினேன்.

என்ன சொல்வது. சில மாதம் ஒரு பக்கத்துக்கு நாலே வரி. பொடி எழுத்து. தேதி விட்டுப் போயிருக்கிறது, பாவு தீர்ந்து பத்து நாள் தறி நின்றிருக்கிறது. திடீரென்று ஒரு மாதம் பதினாலு பக்கம். எழுத்து இரண்டு பங்கு பெரிது, கோட்டை விட்டு வெளியே ஓடுகிறது. ஓரத்தில் எல்லாம் கணக்கு: 50 தறி போட்டால் எவ்வளவு, ஸ்பின்னிங் மில் வாங்கினால் எவ்வளவு. ஒரு பக்கத்தில் சோமனூரிலிருந்து துபாய்க்கு நேராகத் துணி அனுப்புகிற படம் வரைந்திருக்கிறான், கப்பல் எல்லாம் போட்டு. அதற்கு இரண்டு மாதம் கழித்து மறுபடி நாலு வரி.

இந்த ஏற்ற இறக்கம் ஐந்து தடவை வந்திருக்கிறது. முதல் இரண்டும் அவன் தினமும் குடிப்பதற்கு முன்னால். எட்டோடு ஆறு, பதினாலு தறியாக இருந்ததில் ஆறையும் விற்றுக் கடன் அடைத்தோமே, அதை நாங்கள் யாபாரத்தில் நட்டம் என்று மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த நாலு வரி மாதம் ஒன்றில் "நான் இல்லாட்டி இவங்களுக்குக் கடன் மட்டுமாவது மிச்சமாகும்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறான். அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

மனமருத்துவன் – புதன், இரவு 10.20

அந்த நோட்டுகளை அப்படியே எடுத்துப் போய் அங்கிருக்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் கேட்கக்கூடிய எந்தக் கேள்விக்கும் இவ்வளவு நல்ல பதில் கிடைக்காது. அவரிடம் காட்டுவதற்கு முன்னால் வேறு யாராவது மனச்சோர்வுக்கு மட்டும் மாத்திரை எழுதினால் இந்த ஏற்றங்களைச் சொல்லுங்கள். இப்படி ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருகிற இருதுருவ நோயாக (பைபோலார்) இருந்தால், மனநிலையைச் சமன்செய்யும் மருந்து இல்லாமல் அந்த மாத்திரையைத் தனியாகக் கொடுப்பது ஆளை ஏற்றத்துக்குத் தள்ளிவிடலாம்.

அந்த ஓரக் குறிப்பைப் பற்றி. அவரிடமே நேராகக் கேளுங்கள்: "செத்துப் போகலாம்னு தோணுதா?" என்று. கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். கிளப்பாது. கேட்டால்தான் சொல்வார்கள். தோட்டம் இருந்தால் பூச்சி மருந்தைப் பூட்டி, சாவியை வேறு ஆளிடம் கொடுங்கள். அந்த எண்ணம் அலை மாதிரி வரும், போகும். வரும் நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே நிறைய உயிர் மிஞ்சும். அப்படி ஏதாவது நடந்தாலும் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்காதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவுப்படி, கடும் மன அழுத்தத்தில் செய்ததாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தண்டனை கிடையாது.

குண்டடம் மாமா – வியாழன், காலை 6.05

சரி, நோட்டுப் புத்தகம் விஷயம் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் ஒன்று. நோய் என்று பட்டம் கட்டிவிட்டால் அவன் குடித்ததற்கெல்லாம் நோய் மேல் பழி போட்டுவிடுவான். பொறுப்பு யாருக்கு? அப்புறம் குணசீலம் கோயிலுக்குப் போய் 48 நாள் இருந்தால் சரியாகிறது என்று எங்கள் ஊரில் இரண்டு குடும்பம் சொல்கிறது. அதை ஏன் ஒருவரும் பேசவில்லை?

சங்ககிரி ஓட்டுநர் – வியாழன், காலை 11.30

பொறுப்புக்கு நான் பதில் சொல்கிறேன் மாமா. ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்று குடியை விட நினைப்பவர்கள் கூடுகிற கூட்டத்தில் முதலிலேயே எங்களுக்குச் சொல்வது இதுதான்: நோய் வந்ததற்கு நீ காரணம் இல்லை, இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இருக்கிற வேலை உன்னுடையது. சர்க்கரை வந்தவனுக்கு ஊசி போடுகிற பொறுப்பு இருக்கிற மாதிரி. கூட்டத்தில் பெயர் கேட்க மாட்டார்கள், ஃபீஸ் இல்லை. 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் உட்கார்ந்து பேசி ஆரம்பித்தது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கூட்டத்திலும் சில பழைய ஆட்கள் எந்த மாத்திரையும் போதைதான் என்று பேசுவார்கள். அதைக் கேட்டு ஒரு தம்பி நிறுத்திவிட்டு ரொம்பக் கஷ்டப்பட்டான். டாக்டர் கொடுத்ததை டாக்டர்தான் நிறுத்த வேண்டும்.

மஞ்சள்மண்டி – வியாழன், மதியம் 12.45

கோயில் பற்றி நான். சாமி கும்பிட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்து வைத்துவிட்டு வந்தால் எங்கள் அம்மாவுக்கு மனபாரம் இறங்குகிறது, இறங்கட்டும். கோயிலும் மாத்திரையும் சண்டை போட வேண்டியதில்லை. சண்டை சங்கிலியோடுதான். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். இன்றைய சட்டத்தில் எந்த வடிவிலும் சங்கிலி கூடாது. பதிவு வாங்காமல் மனநல நிலையமோ போதை மீட்பு நிலையமோ நடத்தவும் கூடாது. வேனில் வந்து தூக்குகிறவர்களிடம் முதலில் பதிவுச் சான்றைக் கேளுங்கள்.

பல்லடம் மருமகள் – வெள்ளி, மாலை 4.20

யாரும் தம்பி மனைவியைப் பற்றிப் பேசவில்லையே என்று எழுதுகிறேன். அந்தப் பவுடரை வாங்கியது முட்டாள்தனம் என்று படிப்பவர்கள் நினைக்கலாம். எங்கள் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பத்து வருடம் அவருக்காகக் காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு கேட்டிருக்கிறேன். பாட்டிலை எண்ணியிருக்கிறேன், தண்ணீர் கலந்து வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அப்பா வண்டிச் சத்தத்தை வைத்தே எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சொல்லும். என் உடம்பு கெட்டுத்தான் டாக்டரிடம் போனேன். அவர்தான் குடிப்பவர்களின் குடும்பத்துக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது என்றார். இவர் இன்னும் முழுசாக விடவில்லை. நான் லீவு கேட்பதை விட்டுவிட்டேன். சோமனூர் அக்கா, அவளை ஒரு நாள் உங்கள் வீட்டில் தூங்க விடுங்கள். சும்மா தூங்க மட்டும்.

சோமனூர்க்காரி – மூன்று வாரம் கழித்து

விசாரித்தவர்களுக்கு. பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். நோட்டைப் பார்த்த டாக்டரம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, கப்பல் படத்தைப் பார்த்துச் சிரித்தார், அவனும் சிரித்தான். இருதுருவ நோய் என்று சொல்லியிருக்கிறார்கள். மனநிலையைச் சமன்செய்கிற லித்தியம் மாத்திரை ஆரம்பித்திருக்கிறது. சிறுநீரகம், தைராய்டு டெஸ்ட் எடுத்த பிறகுதான் கொடுத்தார்கள். மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து அளவு பார்க்கிறார்கள். மாத்திரை எல்லாம் அங்கேயே இலவசம். வரிசை நீளம், காலை ஏழரைக்கே போய்விட வேண்டும்.

நான் கேட்டேன், செத்துப் போகத் தோன்றியதா என்று. "ரெண்டு தடவை" என்றான். இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

ஒறம்பரையில் இப்போதே பேச்சு. அவன் மகளுக்கு எட்டு வயது, அவளுக்கும் வருமா, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் கேட்பார்களே என்று. டாக்டர், வருமா?

மனமருத்துவன் – அதே நாள், இரவு

பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பத்தில் ஒன்று வரை. அதாவது பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு வராது. சர்க்கரைக்கு நாம் இந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை.

உங்கள் வீட்டுக்கு மட்டும் ஒன்று. தறிக் குடோனில் சித்திரை வெயிலில் வேர்த்து ஊற்றும். உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், பத்தியம் என்று உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது. கை கால் வலி என்று மெடிக்கலில் புரூஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடக் கூடாது, அதுவும் ஏற்றும். வாந்தி, பேதி, நடை தள்ளாட்டம், பேச்சுக் குழறல் வந்தால் குடித்துவிட்டான் என்று திட்டாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்.

சோமனூர்க்காரி – நாலு மாதம் கழித்து

மாரியம்மன் நோம்பி முடிந்தது. கிடா வெட்டு அன்று பங்காளிகளோடு குடித்துவிட்டான். மூன்று மாதம் 22 நாள் கழித்து. எனக்குக் கால் உடைந்த மாதிரி ஆகிவிட்டது. ஆனால் மறுநாள் காலையில் அவனே போன் பண்ணி "அக்கா, குடிச்சுட்டேன், டாக்டரம்மாகிட்ட நானே சொல்லிடறேன்" என்றான். போய்ச் சொல்லியும் இருக்கிறான். அவர் திட்டவில்லையாம். யார் கூட, எத்தனை மணிக்கு, அதற்கு முந்தின ராத்திரி தூங்கினாயா என்று கேட்டாராம். தூங்கவில்லை, நோம்பி வேலை.

இந்த இழையை அவனிடம் காட்டிவிட்டேன். கோபம் வந்துவிட்டது. எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

எட்டுத்தறி – மறுநாள், இரவு 11.15

வணக்கம். நான்தான் அந்தத் தம்பி.

என்னைக் கேட்காமல் என் நோட்டைப் பற்றி அக்கா ஊருக்கே எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. அவளிடம் நேராகவே சொல்லிவிட்டேன். சரி, எழுதியாயிற்று. தப்பாக இருப்பதை மட்டும் திருத்துகிறேன்.

தறி நடுராத்திரியில் கிறுக்குப் பிடித்து வாங்கியதாக எல்லோரும் நினைக்கிறீர்கள். முதல் நாலு தறி நல்ல விலை, இன்றைக்கும் அந்த விலைக்குக் கிடைக்காது. கடைசி இரண்டுதான் கிறுக்கு. அந்த மாதம் எப்படி இருந்தது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நன்றாக இருந்தது. ஊரில் எல்லாத் தறியும் எனக்குத் தெரிந்த பாட்டையே அடிக்கிற மாதிரி இருந்தது. அதற்கப்புறம் வந்ததுதான் தாங்கவில்லை. குடித்தால் அது கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். ருசிக்கெல்லாம் இல்லை.

மாமா கேட்ட பொறுப்பு விஷயம். மையத்தில் அடித்தவன் அதைத்தான் சொல்லிச் சொல்லி அடித்தான்.

மாத்திரையில் எனக்கு இருக்கிற ஒரே கஷ்டம் கை நடுக்கம். குடி நடுக்கம் இல்லை, இது பொடி நடுக்கம். அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட முடியவில்லை. முதலில் ஒருவரிடமும் சொல்லவில்லை, மறுபடி குடிக்கிறான் என்பார்கள் என்று. டாக்டரம்மாவிடம் சொன்னேன், ரத்தம் பார்த்து அளவைக் குறைத்தார். இப்போது முக்கால்வாசி பரவாயில்லை. 40ஆம் நம்பர் நூல் கட்டிவிடுகிறேன். அதைவிடச் சன்னமான 60 இன்னும் வரவில்லை, அதை என் பெண்டாட்டி கட்டித் தருகிறாள்.

சங்ககிரி அண்ணன் அந்தக் கூட்டம் எந்தக் கிழமை நடக்கிறது என்று எழுதுங்கள். நாளைக்கு ரெண்டு பாவு வருகிறது, ஏற்ற வேண்டும். ஞாயிறு என்றால் வருகிறேன்.